ஆறு மணிக்குப் பச்சை எரியும்

என் வீட்டுக்காரருக்கு வாய் உண்டு. சாப்பிடுவதற்காக வைத்திருக்கிறார். பேசுவதற்கென்று இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதைத் திறந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் ஊரில் பாதிப் பேருடைய ரத்தம் அவர் கை வழியாகப் போகும். யாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, யாருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது, எந்தப் பெண் இன்னும் வீட்டில் சொல்லாமல் மாசமாக இருக்கிறாள், எல்லாம் மதியத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் அதே ஆட்கள் தெருவில் எதிரே வந்தால் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார். ஒருமுறை என் சொந்த அண்ணனுடைய ரிசல்ட் மோசமாக வந்தது. அதை வைத்துக்கொண்டே எங்களோடு உட்கார்ந்து இரண்டு வேளை சாப்பிட்டார் மனிதர். நான் ஆடித் தீர்த்தபோது, "ரிசல்ட்டைச் சொல்றது டாக்டர் வேலை. கவரை ஒட்டிக் குடுக்குறதுதான் என் வேலை" என்றார். கோபம் வராதா? எனக்கு வந்தது. பத்து நாள் பேசவில்லை. அவருக்கு அது வித்தியாசமாகவே தெரிந்திருக்காது.

இந்தக் குணத்தை நான் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். ஊரார் ரகசியம் தெரிந்த ஆம்பிளை உளறுவாயாக இருந்தால் குடித்தனம் நடத்த முடியுமா? ஆனால் இதே குணம்தான் என் நாத்தனாரைக் காவு வாங்கப் பார்த்தது. கூடவே போர்வை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியும். பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

முதலில் எல்லோரையும் போலத்தான் இருந்தோம். போட்டோக்கள் கிளவுடில். படங்களுக்கு மாசச் சந்தா. ஒருநாள் என் மாமியார் பாதி பார்த்து வைத்திருந்த தொடரை அந்தக் கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிட்டான். மறு வாரம் போட்டோ வைத்த இடத்தில் "இடம் நிரம்பிவிட்டது" என்று தினமும் நச்சரிப்பு. பிறகு மாமியாருக்கு முழங்கால் வலி என்று எதையோ தேடினோம். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முழங்கால் தைலம். இவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"நம்ம வீட்டுக்குள்ள யார் எதைப் பாக்குறா, எப்ப பாக்குறா, எப்ப நிறுத்துறா, அத்தனையும் எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்து குறிச்சுக்குறான். நான் ஒரு பேஷன்ட் பேரை வெளியில சொன்னா என் வேலை போயிடும். இவனை யார் கேக்குறது?"

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் நான்கு ஹார்டு டிஸ்க் மாட்டினார். மூன்று வாரம் வீட்டுக் கூடத்தில் வயரும் திருகாணியும். கால் வைக்க இடமில்லை. கடைசியில் அது போர்வை அலமாரியின் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்து, தூங்குகிற ஆள் மூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. நாங்கள் வாங்கி வைத்திருந்த பட டிவிடிகள் எல்லாம் அதற்குள் போயின. குடும்பப் போட்டோ, பழைய கேசட்டில் இருந்த வீடியோ, நாத்தனார் கல்யாண வீடியோ மூன்று மணி நேரமும் போனது. ரத்தம் எடுத்த குழாய்க்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர், தேதி, எண்.

"இதுக்குப் பேர் சர்வர்" என்றார் அம்மாவிடம்.

"சர்வர்னா டேபிள் துடைப்பானே, அவனா?" என்றார் மாமியார்.

"இதுவும் கிட்டத்தட்ட அந்த வேலைதாம்மா. நீங்க கேக்குறதைக் கொண்டாந்து வைக்கும்."

கட்டடத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வந்தது. பெட்டிக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வைத்தார். அவர் அம்மாவுக்கு 'அம்மா', தங்கைக்கு 'தங்கச்சி', அவருக்கு 'நான்'. எனக்கு 'மேலிடம்'. சிரிப்பு வந்தாலும் இரண்டு நாள் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் நாத்தனார் ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். இவரைவிடப் பதினான்கு வயது இளையவள். இவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். அண்ணனை "டேய் அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த 'டேய்' இல்லாமல் நான் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மருந்துக் கடையில் கணக்காக, கெட்டிக்காரியாக வேலை பார்த்தவள். மாப்பிள்ளை பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை வேலை. அதிர்ந்து பேசாத ஆள். "தங்கமான பையன்" என்று மாமியாருக்கு உச்சி குளிர்ந்துபோகும். கல்யாணமான ஆறு மாதத்தில் அவள் வேலையை விட்டாள். "அவருக்குப் பிடிக்கலை அண்ணி" என்றாள். எத்தனையோ பேர் வீட்டில் நடப்பதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவளுக்கு இவர் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதிலிருந்த ஒவ்வொன்றையும் பிடுங்கிப் போட்டார். மெசேஜ் அனுப்புவது, பேசுவது, இணையத்தில் தேடுவது, எதுவும் கிடையாது. எங்கள் பெட்டி ஒன்றைத்தான் அது திறக்கும். படம் தேட ஒரு கட்டம் உண்டு. அதில் யார் என்ன தேடினாலும் எங்கேயும் பதிவாகாதபடி செய்துவிட்டார்.

"எந்தக் கம்பெனிக்காரனும் அவளை எட்டிப் பாக்க முடியாது" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

அப்புறம் கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு பக்கம் வரச் செய்தார். நாங்கள் எதுவும் பார்க்காத நேரத்தில் அந்தப் பக்கம்தான் திரையில் நிற்கும். யார் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன படம் என்று காட்டும். பார்க்கிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அவர் தனக்காக வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டது என் மாமியார்.

அதுவரை அம்மாவும் மகளும் தினம் போனில் பேசினால் பாதி நாள் சண்டையில்தான் முடியும். "எப்ப வர்றே? ஏன் இளைச்சுப் போன மாதிரி பேசுற? விசேஷம் ஏதாவது உண்டா?" என்று மாமியார் குடைய, அவள் எரிந்து விழ, அந்த வேகம் என் மேல் திரும்பும். பச்சைப் புள்ளி வந்த பிறகு அந்தப் பாடு போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு 'தங்கச்சி' பக்கத்தில் பச்சை எரியும். மாமியார் வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"பச்சை எரியுது. வீட்டுல இருக்கா, படம் பாக்குறா, நல்லா இருக்கா. வேற என்ன வேணும்?"

எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நானும் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். மாமியார் எப்போதாவது பேசினால் மாப்பிள்ளைதான் எடுப்பார். "குளிச்சுட்டு இருக்கா அத்தை", "இப்பதான் படுத்தா அத்தை." சாயங்காலம் பார்த்தால் பச்சை. எல்லாம் சரி.

அதற்குப் பதிலாக எங்கள் வீடுதான் சிறை ஆயிற்று. ஆறு முதல் ஒன்பது வரை பெட்டி நிற்கக்கூடாது. நின்றால் மாமியாருக்குப் படபடப்பு வந்துவிடும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பேட்டரி வந்தது. பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பேட்டரி வந்தது. என் அண்ணன் மகள் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்த மனிதர், அம்மா போன் செய்தார் என்று கை கழுவிவிட்டு ஓடினார். எல்லோரும் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று எழுந்து நின்றுவிட்டார்கள். ஹார்டு டிஸ்க்குக்கு முடியவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? அன்றைக்கு வீட்டுக்கு வந்து கழுவிக் கழுவி ஊற்றினேன்.

"கம்பெனிக்காரன்கிட்ட இருந்து விடுதலைன்னு சொல்லித்தானே இதை வச்சீங்க? இப்ப நாம மூணு பேரும் இதுக்குக் காவல். வாசல் தாண்ட முடியலை."

"சரி பண்ணிடுறேன்" என்றார். எப்போதும் அதுதான் பதில்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. போன குளிர்காலத்திலிருந்து நாத்தனார் தினமும் தன் கல்யாண வீடியோவையே போட ஆரம்பித்தாள். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணிக்கு முடியும். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எவ்வளவு ஆசை பாரு அவளுக்கு! கல்யாணத்தையே திரும்பத் திரும்பப் பாக்குறா" என்று கீழ்வீட்டு அம்மாவிடமெல்லாம் சொன்னார். நானும் சிரித்தேன். எந்தப் பெண் தன் கல்யாண வீடியோவை ஐந்து மாதம் தொடர்ந்து பார்ப்பாள்? நான் என் கல்யாண வீடியோவை முழுதாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தச் சின்னக் கேள்வி என் மண்டையில் ஏறவில்லை. பச்சை எரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஐந்து மாதம் போன பிறகு இன்னொன்றும் ஆரம்பித்தது. இவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் சட்டையைக் கழற்றுவதில்லை. போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைவார். ஒருநாள் தொட்டுப் பார்த்தால் போன் சூடாக இருந்தது.

"யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசுறீங்க? ஏதாவது இருந்தா சொல்லிடுங்க, நானே பேசி முடிச்சு வைக்கிறேன்" என்று கிண்டல் செய்தேன்.

"பேட்டரி பழசாயிடுச்சு" என்றார். இந்த மூஞ்சிக்கு அப்படியெல்லாம் ஓடாது என்று எனக்குத் தெரியும். அதனால் விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இவர் வேலையிலிருந்து வரவில்லை. ஏதோ இயந்திரம் பழுதாகி மாட்டிக்கொண்டார். ஆறு மணி ஆயிற்று. பச்சை எரியவில்லை. ஆறே கால். மாமியார் வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஆறரை.

"ஏம்மா, அவளுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்குமோ? உன் வீட்டுக்காரனைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். "தங்கச்சி இன்னைக்குப் பாக்கலைங்க. அத்தை பயப்படுறாங்க" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சரியாக ஐந்தாவது நிமிடம் 'தங்கச்சி' பக்கத்தில் பச்சை எரிந்தது. கல்யாண வீடியோ. மாமியார் காலைத் திரும்பவும் வாளிக்குள் விட்டுக்கொண்டார். எனக்குத்தான் உறுத்தியது. எட்டு மணி நேரத் தூரத்தில் இருப்பவள் எப்போது படம் போடுவாள் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

எட்டு மணிக்கு வந்தார். செருப்பைக்கூட விடவில்லை. அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். சட்டைப் பையில் கை விட்டுப் போனை எடுத்தேன். சத்தமே இல்லாமல் அதில் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே 'தங்கச்சி' என்று இருந்தது.

"இது எத்தனை நாளா நடக்குது?"

போனைத் திரும்ப வாங்கி அணைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"இருபத்தாறு நாளா" என்றார்.

இருபத்தாறு நாளாக அவள் டேப்லெட் அணைந்து கிடக்கிறது. இவர்தான் தினமும் ஆறு மணிக்குத் தங்கை கணக்கில் நுழைந்து, அவள் கல்யாணத்தை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். முதல் நாள் பச்சை எரியாமல் அம்மா தவித்ததைப் பார்த்து, இன்றைக்கு ஒருநாள்தானே என்று போட்டாராம். மறுநாளும் எரியவில்லை.

"அதுக்கு முன்னாடி? அந்த அஞ்சு மாசம்?"

"அவதான் போட்டா. ஆனா..." என்று நிறுத்தினார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "மனுஷன் படம் பாத்தா நடுவுல நிறுத்துவான். தண்ணி குடிப்பான், யாராவது கூப்பிடுவாங்க, தள்ளிப் பாப்பான். இது மூணு மணி நேரம் ஒரு தடவைகூட நிக்கலை. எங்க வேலையில எல்லா நம்பரும் தினம் ஒரே மாதிரி வந்தா அது ரத்தமே இல்லை. ஏதோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம். எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சு?"

"மெசேஜ் போட்டேன். 'நல்லா இருக்கேன் அண்ணா'ன்னு பதில் வந்தது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெறும் 'அண்ணா'. அவள் எழுதினால் அதற்கு முன்னால் 'டேய்' இருக்கும். இவர் அதையும் கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டுக் கவரை ஒட்டி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. "உங்க கூடப் பொறந்தவளும் உங்களுக்குப் பேஷன்ட்டா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"யாரும் உன்னைப் பாக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் அவகிட்ட அதைக் குடுத்தேன். நானே தினம் பாத்துட்டு இருக்கேன்னு எப்படிச் சொல்றது? அவளா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரமா அது?

அங்கேயே நின்று அவள் எண்ணுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரங்கள் கடகடவென்று உருளும் சத்தம், யாரோ எண்களைக் கத்திச் சொல்லும் சத்தம். கிடங்கில் இருக்கிறார். அவள் போன் அவரிடம் இருக்கிறது.

"அவகிட்டக் குடுங்களேன், ஒரு வார்த்தை பேசணும்" என்றேன்.

"இங்கதான் பக்கத்துல இருக்கா அக்கா. படம் பாத்துட்டு இருக்கா. அப்புறம் பேசச் சொல்றேன்."

எவ்வளவு மரியாதையான குரல் தெரியுமா! இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த போனில் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் முதல் ரயில், அதைப் பிடித்தோம். அவருக்கு வேலை விஷயமாக ஒரு கூட்டம், நானும் கூடப் போகிறேன் என்று மாமியாரிடம் பொய் சொன்னோம். அவரைக் கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எட்டு மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவள் கடைசியாக என்னிடம் என்ன பேசினாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் குரலே கேட்காமல் இத்தனை மாதம் எப்படி இருந்தேன் என்று என்மேலேயே வெறுப்பாக வந்தது.

அவள் வீடு ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி திரும்பும்போது இவர் போனில் மணி அடித்தது. ஆறு மணி. தினமும் அடிப்பதற்கு வைத்திருக்கிறார். மனிதர் படியிலேயே நின்றார். போனை எடுத்தார், இரண்டு தட்டுத் தட்டினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்பவுமா?" என்றேன்.

"அம்மா தனியா இருக்காங்க" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். மூன்றாவது மாடி நடையில் கடைசிக் கதவு அவளுடையது. கதவில் வெளியிலிருந்து பூட்டு தொங்கியது. என் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு.

வெளியே போயிருப்பாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடி எவ்வளவு ஆறுதலாக இருந்தது! கதவுக்குப் பக்கத்தில் நடையைப் பார்த்த மாதிரி கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். சமையலறை ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது.

"அண்ணி?"

நாத்தனார்தான். கன்னம் ஒட்டிப்போய், தலை வாராமல், எங்களைப் பார்த்து நம்ப முடியாமல் நின்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். கம்பிக்குள் கைவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

இவர் பூட்டைப் பிடித்து இழுத்தார். பின் தோளால் கதவை இடித்தார். அடுத்த வீட்டுக் கதவு திறந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டவர் பூட்டைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "தினம் ரெண்டு மணிக்குப் பூட்டிட்டுப் போவாரு. அந்தப் பொண்ணுக்கு மனநிலை சரியில்லைன்னு சொன்னாரு. நாங்க நம்பிட்டோம்மா" என்றார். அவரே பூட்டுத் திறக்கிற ஆளுக்குப் போன் செய்தார். இருபது நிமிடத்தில் வருவதாகச் சொன்னானாம்.

அந்த இருபது நிமிடமும் நாங்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அவள் மெதுவாகத்தான் பேசினாள். பேசிப் பழக்கம் விட்டுப்போனவள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். மருந்துக் கடையில் கூட வேலை செய்தவன் ஒருவன் எதற்கோ போன் செய்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது மாப்பிள்ளைக்குச் சந்தேகம். போனைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு பூட்டு. டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அதில் படத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "இது இருந்துட்டுப் போகட்டும்" என்று தூக்கிப் போட்டுவிட்டாராம்.

"அது ஒண்ணுதான் இருந்தது அண்ணி. அதுல எங்கயும் எழுத முடியலை. படம் தேடுற கட்டத்துல எழுதிப் பாத்தேன். 'டேய் அண்ணா வாடா'ன்னு எழுதினேன். 'அப்படி எதுவும் இல்லை'ன்னு வந்தது. எத்தனை தடவை எழுதினேன் தெரியுமா? நீ பாப்பேன்னு நினைச்சேன்டா அண்ணா."

இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது பதிவாகாது பாப்பா. நான்தான் அப்படி வச்சேன்" என்றார்.

"அப்புறம்தான் கல்யாண வீடியோவைப் போட ஆரம்பிச்சேன். தினம் அதையே போட்டா, ஏன்டி இதையே பாக்குறேன்னு யாராவது கேப்பீங்கன்னு."

நான் என்ன சொல்வது? கேட்கவில்லை. ஆசை என்று சொல்லிச் சிரித்தோம். அவள் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்போது என் போன் அடித்தது. மாமியார். அவர் குரல் சரியாகக் கேட்காது என்பதால் அவர் அழைத்தால் ஒலிபெருக்கியை அழுத்துவதுதான் என் பழக்கம். யோசிக்காமல் அழுத்திவிட்டேன்.

"ஏம்மா, போய்ச் சேந்தீங்களா? இங்க ஒண்ணும் கவலை இல்லை. பச்சை எரிய ஆரம்பிச்சுடுச்சு. கல்யாண வீடியோதான் பாக்குறா. நல்லா இருக்கா."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேன். நாத்தனார் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சமையல் மேடையில் டேப்லெட் கறுப்பாக, அணைந்து கிடந்தது.

"யார் பாக்குறா?" என்றாள்.

நான் இவரைப் பார்த்தேன். இந்த ஒரு தடவையும் அவர் வாயை மூடிக்கொண்டால் அந்த இடத்திலேயே அவரை விட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கம்பிக்கு அருகே பிடித்தார். அதில் அவள், தலை நிறையப் பூவோடு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பாப்பா. பச்சை எரியலைன்னா அம்மா பயப்படுறாங்கன்னு..."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது என் கையிலிருந்து விரல்களை உருவிக்கொண்டாள்.

"அதுக்குத்தானேடா அணைச்சேன்" என்றாள். "தினம் அந்தப் பச்சையைத்தான் பாத்துட்டு இருப்பேன்னு அம்மாவே போன்ல சொல்லியிருக்காங்க. ஒருநாள் எரியலைன்னாலும் வீட்டை ரெண்டாக்கிடுவாங்க, நீ ஓடி வந்துடுவேன்னு அணைச்சேன். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு இந்த ஜன்னல்லதான் நின்னேன்."

இவர் கம்பிக்கு அருகே பிடித்திருந்த போனைக் கீழே இறக்கினார்.

"இருபத்தேழு நாள்" என்றாள். "ஒரு நாளாவது மறந்திருக்கக் கூடாதா அண்ணா?"

"ஒரு நாள்கூட விடலை" என்றார் என் வீட்டுக்காரர்.